கொம்பு, துணைக்கால், கடன் கழித்தல்: தொடக்கப் பள்ளியில் அடைவை அளத்தல்

தொடக்கப் பள்ளி மாணவர்களின் வாசிப்புத் திறனையும் கணக்குத் திறனையும் அளக்கும் தரப்படுத்தப்பட்ட தேர்வு என்பது, எந்த வினாவைக் கேட்பது, எப்படிக் கேட்பது, எதைச் சரியான விடையாகக் கொள்வது என்னும் மூன்றும் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒன்றாகவே இருக்கும்படி முன்கூட்டி வரையறுக்கப்பட்ட தேர்வாகும். வகுப்பாசிரியர் தாமே வினாத்தாள் எழுதித் தாமே திருத்தும் பருவத் தேர்விலிருந்து இதை வேறுபடுத்துவது இந்த ஒருமையே. தமிழ்நாட்டு ஆசிரியர்கள் இவற்றைப் பொதுவாக அடைவுத் தேர்வு என்பர். தனித்தனியே சொல்லும்போது தேசிய அடைவுத் தேர்வை நாஸ் என்றும், மாநில அடைவுத் தேர்வை ஸ்லாஸ் என்றும், தன்னார்வ நிறுவனமான பிரதம் 2005 முதல் கிராமப்புற வீடுகளில் நடத்திவரும் கணக்கெடுப்பை ஏசர் என்றும் குறிப்பர். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பெடுத்தும், பிறகு வட்டார வளமையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்து பள்ளி பள்ளியாகச் சென்று குழந்தைகளைப் பக்கத்தில் அமர்த்தி வாசிக்கக் கேட்டும் பெற்ற பணியனுபவமே இக்கட்டுரைக்கு அடிப்படை. குழந்தை எந்த இடத்தில் நின்றுபோயிற்று என்பதைச் சொல்லும் தேர்வு மட்டுமே வகுப்பறைக்குள் நுழைந்து வேலை செய்கிறது என்பதும், விழுக்காட்டை மட்டும் சொல்லும் தேர்வு அலுவலகக் கோப்புகளோடு நின்றுவிடுகிறது என்பதும் அந்த அனுபவத்திலிருந்து பிறந்த முடிவு.

நின்ற இடத்தைக் காட்டுவதில் ஏசரின் கருவி மிகத் தெளிவானது. வாசிப்புக்கு எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை என நான்கு படிகள் உண்டு. கணக்குக்கு ஒன்றிலக்க எண்களை அறிதல், ஈரிலக்க எண்களை அறிதல், ஈரிலக்கத்தில் கடன் வாங்கிக் கழித்தல், மூவிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல் என நான்கு படிகள். குழந்தையிடம் முதலில் பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். தடையின்றி வாசித்தால் கதைக்கு ஏற்ற வேண்டும், தடுமாறினால் சொற்களுக்கும், அதிலும் தடுமாறினால் எழுத்துகளுக்கும் இறக்க வேண்டும். ஐந்து சொற்களில் நான்கைச் சரியாக வாசிக்கும் குழந்தை சொல் நிலையில் இருப்பதாகக் கொள்ளப்படும். பத்தியில் மூன்று பிழை வரை பொறுத்துக்கொள்ளலாம்; ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தனியே உதிர்க்காமல் வாக்கியமாக வாசித்திருக்க வேண்டும். ஒரு தாள், ஒரு குழந்தை, சில நிமிடங்கள்; இவற்றுக்கு மேல் எதுவும் தேவையில்லை. குழந்தையைப் பள்ளியில் சோதிக்காமல் வீட்டிலேயே சோதிப்பதும் காரணத்தோடு செய்யப்பட்ட ஏற்பாடுதான். பள்ளியில் நடத்தினால் அன்று வராத குழந்தையும், பள்ளியிலேயே சேராத குழந்தையும் கணக்கில் விடுபட்டுவிடுவர்.

இந்த ஏணியில் இறங்கும்போது தமிழ்க் குழந்தை எங்கே நிற்கிறது என்பதைப் பக்கத்தில் அமர்ந்து கேட்டவர்களே அறிவர். தமிழில் 247 எழுத்துகள் என்று சொல்லிக்கொடுத்தாலும், தடுமாற்றம் அத்தனை எழுத்துகளிலும் பரவிக் கிடப்பதில்லை. அது பெரும்பாலும் உயிர்க்குறிகளைச் சுற்றியே குவிகிறது. துணைக்காலும் மேல்விலங்கும் எழுத்தின் வலப்பக்கத்திலோ மேலேயோ வருவதால், இடமிருந்து வலமாகச் செல்லும் கண்ணுக்கு அவை இடையூறு செய்வதில்லை. ஆனால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் எழுதப்பட்டு, ஒலியில் எழுத்துக்குப் பின்னால் வருகின்றன. ஒகர, ஓகார வரிசையிலோ கொம்பு முன்னும் துணைக்கால் பின்னுமாக எழுத்து இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்கிறது. ‘கொடி’ என்னும் சொல்லைக் கொம்பை விட்டுவிட்டுக் ‘காடி’ என்று வாசிக்கும் குழந்தையும், துணைக்காலை விட்டுவிட்டுக் ‘கெடி’ என்று வாசிக்கும் குழந்தையும் ஒரே பிழையைச் செய்யவில்லை. முதற்குழந்தை கொம்பையே காணவில்லை. இரண்டாவது குழந்தை கொம்பைக் கண்டு ஒலித்துவிட்டது, எழுத்தின் இறுதிவரை கண் செல்லும் முன்பே. தேர்வுத்தாளில் இரண்டுக்கும் ஒரே பெருக்கல் குறிதான் விழும். அடுத்த நாள் வகுப்பில் முதற்குழந்தைக்குக் கெ, கே, கை ஆகிய வரிசைகளை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பதும், இரண்டாவது குழந்தைக்குக் கெ, கொ என்னும் இரண்டை மட்டும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினால் போதும் என்பதும் பிழையின் ஒலியைக் கேட்டவருக்கு மட்டுமே தெரியும்.

எழுத்துத் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் இடையிலுள்ள தொலைவு இன்னொரு சிக்கலை உண்டாக்குகிறது. தாளில் ‘ஓடினான்’ என்றிருக்க ‘ஓடுனான்’ என்று வாசிக்கும் குழந்தையை, விதிமுறையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றும் களப்பணியாளர் பிழை செய்ததாகக் குறித்துவிடக்கூடும். உண்மையில் அக்குழந்தை எழுத்தை வாசித்து, பொருளை உணர்ந்து, அப்பொருளைத் தன் வாய்வழக்கில் சொல்லியிருக்கிறது. வாசிப்பின் நோக்கமே அதுதான். வட்டார உச்சரிப்பைப் பிழையாகக் கொள்ளலாகாது என்பதைக் களப்பணியாளர் பயிற்சியில் ஒலிப்பதிவுகளைப் போட்டுக்காட்டி வலியுறுத்தாவிட்டால், ஒரே குழந்தையை இருவர் இரண்டு நிலையில் வைப்பது தவிர்க்க முடியாததாகிவிடும். தரப்படுத்துதல் தாளை அச்சிடுவதோடு முடிந்துவிடுவதில்லை. கேட்கும் காதுகளையும் தரப்படுத்தியாக வேண்டும்.

வாசிப்பு வேகத்தை அளக்கும்போதும் மொழியின் இயல்பு குறுக்கிடுகிறது. ஒன்றிய அரசு 2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிவில் குழந்தை நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருளறிந்து வாசிக்க வேண்டும் என்று இலக்கு வகுத்தது. ஆங்கிலத்தில் மூன்று சொற்களாகப் பிரிந்து நிற்பதைத் தமிழ் ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுகிறது. எனவே ஒரு மொழியின் 60 சொற்களும் இன்னொரு மொழியின் 60 சொற்களும் கண்ணுக்கும் நாவுக்கும் ஒரே அளவு வேலை தருவதில்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமமான என்சிஇஆர்டி 2022 மார்ச்சில் ஏறத்தாழ 10,000 பள்ளிகளைச் சேர்ந்த 86,000 மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் 20 மொழிகளில், ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே அமர்த்தி நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு, ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி வரையளவை வகுத்துக்கொண்டது சரியான முடிவு. ஆயினும் பள்ளிக்கு வந்துசேரும்போது அந்த நுட்பம் உதிர்ந்து 60 என்ற ஒற்றை எண்ணே எஞ்சுகிறது. நிறுத்தற்கடிகாரத்தைக் கண்டதும் குழந்தைகள் பொருளைக் கைவிட்டு ஓசையை மட்டும் விரட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

கணக்கில் நிற்கும் இடம் வாசிப்பைவிடத் துல்லியமாகத் தெரியும், எண்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால். மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் 52இலிருந்து 37ஐக் கழிக்கச் சொன்னால், தவறு செய்யும் குழந்தைகளில் பலர் 25 என்று எழுதுவர். ஒன்றாம் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்றும், பத்தாம் இடத்தில் 5இலிருந்து 3ஐக் கழித்து 2 என்றும் எழுதியதால் வந்தது அது. பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிப்பது என்ற விதியை எங்கும் பொருத்திப் பார்க்கும் பிழை. ஆனால் கடன் வாங்கத் தெரிந்து 12இலிருந்து 7ஐக் கழித்து 5 என்று சரியாக எழுதிவிட்டு, பத்தாம் இடத்து 5ஐ 4 ஆக்க மறந்துவிடும் குழந்தைக்கும் அதே 25தான் கிடைக்கும். ஒன்றாம் இடத்து இலக்கங்களின் வேறுபாடு 5 ஆக அமைந்துவிட்டால் இந்த இரண்டு பிழைகளும் ஒன்றில் ஒன்று மறைந்துவிடுகின்றன. அதே வினாவை 53இலிருந்து 37 என்று மாற்றினால் முதற்குழந்தை 24 என்றும், இரண்டாவது குழந்தை 26 என்றும் எழுதும்; 3இலிருந்து 7 போகாது, ஆகவே சுழியம் என்று முடிவு செய்யும் மூன்றாவது குழந்தை 20 என்றும், கழித்தல் குறியைக் கவனிக்காமல் கூட்டிவிடும் நான்காவது குழந்தை 90 என்றும் எழுதும். சரியான விடையாகிய 16ஐ எழுதாதவர் அனைவரும் ஒரே தட்டில் வைக்கப்படாமல் நான்கு தட்டுகளாகப் பிரிகின்றனர். அமெரிக்க ஆய்வாளர்களான ஜான் சீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் ஆகிய இருவரும் 1978இலேயே, குழந்தைகளின் கழித்தல் பிழைகள் கவனக்குறைவால் வருவன அல்ல, தவறான ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருவன என்று காட்டினர்; கரும்பலகைக்கு முன் நின்றவர்கள் நாள்தோறும் காண்பதும் அதுவே.

இந்த நான்கு குழந்தைகளுக்கும் அடுத்து நடக்க வேண்டியவை வெவ்வேறு. 24 எழுதிய குழந்தைக்கு ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டும் மூன்று தனிக்குச்சிகளும் கையில் கொடுத்து, ஏழு தனிக்குச்சிகளை எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். கட்டை அவிழ்க்காமல் ஏழைத் தர முடியாது என்பதைக் கையே கண்டுபிடிக்கும்போதுதான், பாடநூல் இனமாற்றம் என்று குறிப்பிடும் கருத்து, அதாவது ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றிக்கொள்வது, அக்குழந்தைக்குப் புலனாகும். 26 எழுதிய குழந்தைக்குக் குச்சிகள் தேவையில்லை. அவிழ்த்த கட்டு இப்போது எங்கே என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். 90 எழுதிய குழந்தைக்குக் கணக்கே சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வகுத்தலிலும் இப்படித்தான்: 618ஐ 6ஆல் வகுத்து 13 என்று எழுதும் குழந்தைக்கு வாய்ப்பாடு தெரியும், நடுவிலுள்ள சுழியத்தை இட மதிப்போடு சேர்த்துப் பார்க்கத் தெரியாது.

இத்தனை செய்தியும் மாநில அளவிலான ஒற்றை விழுக்காட்டில் கரைந்துபோவதை 2022ஆம் ஆண்டின் ஏசர் அறிக்கை காட்டிற்று. தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018இல் 10.2 விழுக்காடாக இருந்து 2022இல் 4.8 விழுக்காடாகக் குறைந்தனர். கழித்தல் தெரிந்தவர்கள் 25.9 விழுக்காட்டிலிருந்து 11.2 விழுக்காடாகக் குறைந்தனர். இந்திய அளவில் அதே வாசிப்பு அளவுகோல் 27.3இலிருந்து 20.5க்கு இறங்கி, 2024இல் 27.1க்கு மீண்டது, தமிழ்நாடும் அவ்வாண்டு ஏறுமுகம் கண்டது. 4.8 என்ற எண் செய்தித்தாள்களில் வந்தபோது, ஆசிரியர்கள் பாடமே நடத்துவதில்லை என்ற பேச்சு தேநீர்க் கடை வரை பரவிற்று. அந்த எண்ணுக்குள் இருந்த குழந்தைகள் யார் என்று அப்போது கேட்டவர் குறைவு. 2022இன் பிற்பகுதியில் மூன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை, பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த 2020இல் முதல் வகுப்பில் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறக்கப்பட்டன, மீண்டும் 2022 சனவரியில் மூடப்பட்டுப் பிப்ரவரியில் திறக்கப்பட்டன. எழுத்தறிமுகம் நடக்க வேண்டிய ஆண்டு முழுவதையும் இழந்து, வகுப்பறையில் ஓராண்டுகூட அமராத குழந்தையை அந்தக் கதை சோதித்தது. மேலும் கதை என்ற வரம்புக்கு மேலே, கீழே என இரண்டாக மட்டும் பிரித்தால், பத்தியைத் தடையின்றி வாசிக்கும் குழந்தையும் எழுத்தே அறியாத குழந்தையும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றனர். ஏசர் அறிக்கையின் உள்ளட்டவணைகள் ஒவ்வொரு படியிலும் நிற்போரைத் தனித்தனியே தருகின்றன. அவற்றைப் புரட்டிப் பார்ப்பவர்தாம் இல்லை.

அதே காலத்தில் கிராமப்புறத் தமிழ்நாட்டின் ஏறத்தாழ 19,000 குழந்தைகளை வீடுவீடாகத் தொடர்ந்து சோதித்த அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு இழப்பையும் மீட்சியையும் ஒருங்கே அளந்தது. 2021 டிசம்பரில் குழந்தைகள், 2019இல் அதே வயதில் இருந்தவர்களைவிடக் கணக்கில் ஏறத்தாழ 0.7 திட்ட விலக்கமும் மொழியில் ஏறத்தாழ 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கியிருந்தனர். திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதன் அளவு; கணக்கில் கண்ட இழப்பு அந்தப் பரவலில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் கற்பித்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்றும் அவ்வாய்வு கணித்தது. சரிவை மட்டும் படம்பிடித்த எண் ஆசிரியரைக் குற்றவாளியாக்கிற்று. ஒரே குழந்தைகளைப் பின்தொடர்ந்த எண் எது பலன் தந்தது என்பதைச் சொல்லிற்று.

நாஸ் தேர்வு இவற்றிலிருந்து வேறுபட்டது. அது பள்ளியிலேயே, ஒரே நாளில், விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களைக் கொண்டு நடப்பது. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டாலும் 25 விழுக்காடு சரியாகும் என்பதால், ஒரு வகுப்பின் சராசரி 40 விழுக்காடு என்றால் வினாக்களில் 40 விழுக்காட்டை அறிந்திருக்கிறார்கள் என்று பொருளல்ல. அறியாதவற்றை எல்லாம் குத்துமதிப்பாகத் தொட்டதாகக் கொண்டால், உண்மையில் அறிந்தது 20 விழுக்காடே. பத்தியை வாசிக்கத் தெரியாத மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அந்தத் தாள் வாசிப்பைச் சோதிப்பதே இல்லை, அதன் துணிச்சலைத்தான் சோதிக்கிறது.

சராசரியைக் கொண்டு பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும் வழக்கம் தொடக்கப் பள்ளிக்குப் பெருந்தீங்கு செய்கிறது. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் உள்ள ஈராசிரியர் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் ஒன்பது குழந்தைகள் இருப்பது இயல்பு. அங்கே ஒரு குழந்தை என்பது 11 விழுக்காடு. சென்ற ஆண்டு நான்கு பேர் வாசித்து இவ்வாண்டு ஐந்து பேர் வாசித்தால், பள்ளி 44இலிருந்து 56க்கு ஏறிவிட்டதாகப் பாராட்டுச் சான்றிதழ் வரும். நன்றாக வாசிக்கும் குழந்தையின் பெற்றோர் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ இடம்பெயர்ந்துவிட்டால், ஆசிரியர் எதையும் மாற்றாதபோதே விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். சிறிய பள்ளிகளின் மதிப்பெண்கள் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவதில் பெரும்பகுதி தற்செயலே என்பதை அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தரவுகளைக் கொண்டு தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டைகர் ஆகிய பொருளியல் அறிஞர்கள் 2002இல் விளக்கியுள்ளனர்.

மதிப்பெண்ணோடு தண்டனையையும் பரிசையும் கட்டிவைத்தால் மதிப்பெண்ணே பொய்யாகிவிடுகிறது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பள்ளிகளில் விடைத்தாள்களை ஆசிரியர்களே அழித்துத் திருத்தியதை 2011இல் ஜார்ஜியா மாநில விசாரணை வெளிக்கொணர்ந்தது. 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் அதில் தொடர்புடையவர்களாகக் குறிக்கப்பட்டனர். மத்தியப் பிரதேசத்தில் அரசுத் தேர்வில் குழந்தைகள் எழுதிய அதே வினாக்களை வெளியார் மறுபடி கேட்டபோது, அரசுத் தேர்வின் மதிப்பெண்கள் பெரிதும் ஊதப்பட்டிருந்தது தெரியவந்தது. ஆந்திரப் பிரதேசத்தில் கைக்கணினி வழியே நடத்தியபோது அந்த ஊதல் வெகுவாகக் குறைந்தது. தமிழ்நாட்டிலும் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு நடத்த 2019இல் முடிவெடுக்கப்பட்டு, கடும் எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரி 4 அன்று கைவிடப்பட்டது. பத்து வயதுக் குழந்தையைத் தேறியது, தேறாதது என்று பிரிப்பதால் கொம்பும் துணைக்காலும் விளங்கிவிடாது. தேறாத குழந்தை பள்ளியை விட்டு நிற்பதற்கு ஒரு காரணம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவே. அம்முடிவு கைவிடப்பட்டது நன்று.

2022 ஜூன் 13 அன்று தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்து, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. குழந்தைகளை வகுப்பு வாரியாக அல்லாமல் கற்றல் நிலை வாரியாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அந்தந்த நிலைக்குரிய பயிற்சி நூலைக் கொடுத்து, நிலையைச் செயலி வழியே ஒவ்வொரு குழந்தையாக மதிப்பிடுவது அதன் அமைப்பு. மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தை அரும்பு நிலையில் இருக்கலாம் என்பதை ஒரு திட்டம் ஏட்டிலேயே ஒப்புக்கொண்டது, ஆசிரியர்களின் நெஞ்சில் இருந்த பாரத்தைப் பாதி இறக்கிவைத்தது. அதுவரை அக்குழந்தைக்கும் மூன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தி முடித்ததாகக் குறிப்பேட்டில் எழுத வேண்டியிருந்தது. நடைமுறையில் தடை நேரம்தான். ஐந்து வகுப்புகளைப் பார்த்துக்கொண்டே ஒரு குழந்தையைத் தனியே அமர்த்திப் பத்து நிமிடம் மதிப்பிடும்போது மற்ற குழந்தைகளுக்கு என்ன வேலை கொடுப்பது என்பது எந்தக் கையேட்டிலும் தீராத கேள்வி. மலர் நிலைக் குழந்தைகளை அரும்புக் குழந்தைகளுக்கு வாசித்துக்காட்டச் செய்வதே பல பள்ளிகள் தாமாகக் கண்டுகொண்ட வழி. அதனால் வாசித்துக்காட்டும் குழந்தையின் நடையும் சீர்படுகிறது.

எல்லா அடைவுத் தேர்வுகளிலும் திருத்தப்பட வேண்டிய குறை, முடிவு திரும்பிவரும் காலம். 2021 நவம்பர் 12 அன்று நடந்த நாஸ் தேர்வின் அறிக்கை 2022 மே 25 அன்று வெளியாயிற்று. அப்போது தொடக்க வகுப்புகளுக்குக் கல்வியாண்டே முடிந்துவிட்டிருந்தது. அதன் தொடர்ச்சியாக, என்சிஇஆர்டியின்கீழ் இயங்கும் தேசிய மதிப்பீட்டு மையமான பரக் அமைப்பு 2024 டிசம்பர் 4 அன்று நடத்திய தேர்வின் அறிக்கை 2025 ஜூலையில் வந்தது; அதற்குள் அன்று எழுதிய மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் நான்காம் வகுப்பில் வேறோர் ஆசிரியரிடம் இருந்தனர். மாவட்டத்துக்கு இத்தனை விழுக்காடு என்று வரும் அந்தத் தாளில், எந்தக் குழந்தை 24 எழுதிற்று, எந்தக் குழந்தை 26 எழுதிற்று என்பது இருப்பதில்லை. மாநில அடைவுத் தேர்வின் விடைகள் எப்படியும் கணினியில் ஏறுகின்றன. ஒவ்வொரு வினாவுக்கும் ஒவ்வொரு குழந்தையும் தேர்ந்தெடுத்த விடை எது என்னும் பட்டியலைத் தேர்வு முடிந்த அடுத்த வாரமே அந்த வகுப்பாசிரியருக்கு அனுப்பிவைப்பதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. தவறான விடைகளை 24, 26, 20, 90 என்று ஆராய்ந்து அமைக்கும் வினாத்தாள் குழுவும், அப்பட்டியலை வைத்துக்கொண்டு, அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஒரு மாலை அமர்ந்து பேசுவதற்கு ஆசிரியர்களுக்கு நேரமும் மட்டுமே தேவை.